பிரகாசி வீட்டு வாசலில் நின்ற எச்சரிக்கை

மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் பண்டகசாலைத் தெருவில், பிரகாசி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் வருமே அந்த எச்சரிக்கைப் பெட்டி, அது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக, சிவப்புக் கரை போட்டுக்கொண்டு, தரையிலிருந்து நாலு விரல் தூக்கலாக வந்து நின்றது. முதலில் பார்த்தவர் பால்காரர் சவரிமுத்து. சைக்கிளை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார்: "எச்சரிக்கை. உங்கள் வருகைப்பெட்டியில் தீங்கான கோப்பு உள்ளது. என்ன செய்ய வேண்டும்?" அதற்குக் கீழே மூன்று பொத்தான்கள். அழி, அடைத்து வை, பிறகு. ஒரு கையில் கேனும் மறு கையில் அளவையும் இருந்ததால் சவரிமுத்து முழங்கையால் 'பிறகு' என்பதை அமுக்கினார். பெட்டி மரியாதையாகக் கலைந்து வழிவிட்டது. உள்ளே போய் அரை லிட்டரை ஊற்றிவிட்டுத் திரும்பினால் மறுபடி நின்றது. மறுபடி முழங்கையால் ஒரு அமுக்கு. அடுத்த வீட்டில் போய், "பிரகாசி வீட்ல ஒரு பெட்டி நிக்கி. நாளைக்கு விருந்தாடி வாறாங்கன்னியளே, கூட அரை லிட்டர் ஊத்தணுமா?" என்று கேட்டார்.

அது ஒன்றும் திடீரென்று குதித்து வந்ததல்ல. மூன்று மாதமாக அவளுடைய மேஜைக் கம்ப்யூட்டரில், மெயில் பார்க்கும்போதெல்லாம், திரையின் வலது மூலையில் தபால்தலை அளவுக்கு வந்துகொண்டிருந்ததுதான். தினமும் வந்தது, தினமும் அவள் 'பிறகு' போட்டாள், அது தபால்தலையிலிருந்து போஸ்ட்கார்டாகி, போஸ்ட்கார்டிலிருந்து காலண்டராகி, கடைசியில் திரை முழுக்க அதுவே ஆகிவிட்ட திங்கட்கிழமை சாயங்காலம், பிரகாசி பொறுமை போய், குளித்துத் துவட்டுகிற துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்திவிட்டு, "இப்பம் எங்கன போயி நிப்பன்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட கேள்விக்கு அது ராத்திரி முழுக்க யோசித்துப் பதில் சொல்லிவிட்டது.

பிரகாசிக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் என்று ஒன்று வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், வரவில்லை, பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார்கள். இருபத்தொன்பது வருஷம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கடிதப் போக்குவரத்து பார்த்தாள். வந்த மெயிலுக்குப் பொழுது சாய்வதற்குள் பதில் போயிருக்க வேண்டும் என்பது அந்த ஆபீஸின் சட்டம். அது அவள் ரத்தத்தில் ஊறி, தப்பான விலாசத்துக்கு வந்த மெயிலுக்குக்கூட, முடி வளர்கிற எண்ணெய் விற்கிறவன் போட்ட மெயிலுக்குக்கூட, "தங்கள் மடல் கிடைத்தது, மிக்க நன்றி" என்று பதில் போடுகிறவளாக அவளை ஆக்கி வைத்திருந்தது. ஆபீஸை மூடியபோது அவள் உட்கார்ந்து அடித்த கம்ப்யூட்டரையே அவளுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரே தம்பி கஸ்பார், பதினொரு வயது இளையவன், அம்மா போனபிறகு இவள் தூக்கி வளர்த்தவன், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. சின்ன வயதில் விளையாடிவிட்டு வந்து கதவை இடிப்பான். உள்ளேயிருந்து இவள், நன்றாகத் தெரிந்துகொண்டே, "யாரு?" என்பாள். "நான்தான்." "நான்தான்னா யாரு?" "நான்தான்க்கா, நான்தான்!" என்று தெருவே கேட்கக் கத்துவானே தவிர, பேரைச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பயலுக்குக் கடைசிவரை தோன்றியதில்லை. கப்பலேறிய பிறகு எழுதின மெயில்களும் அப்படித்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒரு புள்ளி கிடையாது, ஒரு கமா கிடையாது, ஒவ்வொன்றும் "ஏக்கா நான்தான்" என்று ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரும். பதினொரு வருஷத்தில் நானூற்றுப் பதின்மூன்று.

நாலு வருஷத்துக்கு முன்னால், உரம் ஏற்றிக்கொண்டு ஒரு துறைமுகத்தில் புறப்பட்ட கஸ்பாரின் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை. தகவல் இல்லை என்று கம்பெனி சொன்னது. தகவல் இல்லை என்றால் தகவல் இல்லை, அவ்வளவுதான் என்று பிரகாசி எடுத்துக்கொண்டாள். வருஷா வருஷம் கோயிலில் பூசைக்குப் பேர் எழுதும் சீட்டில், உயிரோடு இருக்கிறவர்களுக்கு 'நலம் வேண்டி' என்று ஒரு பக்கமும் இறந்தவர்களுக்கு 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று ஒரு பக்கமும் இருக்கும். அவள் கஸ்பார் பேரை நலம் வேண்டிப் பக்கத்தில் எழுதினாள். கோயில் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வார். தெருவும் எப்போதோ தனக்குள் முடிவு கட்டிவிட்டது. அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, அவள் இருக்கும்போது கஸ்பார் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள், நாளடைவில் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

அப்படியிருக்க, மூன்று மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஸ்பார் பேரில் ஒரு மெயில் வந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு கோப்பு மட்டும் இணைத்திருந்தது. அவள் அதைத் தொட்ட நிமிஷம்தான் அந்தத் தபால்தலை எச்சரிக்கை முதல்முதலாக வந்து, திறக்கவிடாமல் மறித்தது. சில ஞாயிறு அவன் வெறும் படம் மட்டும் அனுப்புவது உண்டு. அதனால் அவள் பொழுது சாய்வதற்குள் பதில் போட்டாள்: தம்பி, படம் தெறக்க மாட்டேங்குது, சாப்பிட்டியா, இங்க மழ இல்ல, முருங்கை பூத்திருக்கு. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, இங்கிலீஷில், ஆவணம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, தயவுசெய்து திறந்து பார்க்கவும் என்று. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முகம் சுளித்திருப்பார்கள். பிரகாசி இருபத்தொன்பது வருஷம் ஒரு நாளைக்கு நாற்பது தரம் தன் கையால் அடித்த வரி அது. அவள் காதுக்கு அது "சுகமா இருக்கியளா" என்பதுபோலத்தான் கேட்டது. கப்பல் ஆபீஸ் வழியாகப் போகிற மெயில், அவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு எழுதினாள், அஞ்சு மணிக்கு அதே வரி வந்தது, அதை வாசித்துவிட்டுச் சோறு வைக்கப் போனாள். பதில் வருகிற வீடு என்றால் அது ஒரு தினுசுதானே.

இது உள்கதை. தெருவுக்குத் தெரியாது.

முதல் இரண்டு நாள் தெரு கூடிக் கூடி நின்று பெட்டியைப் பார்த்தது, மூன்றாம் நாள் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பார்க்கிற சாக்கில் நாலு வருஷமாக அந்தப் பக்கம் தலை காட்டாதவர்களெல்லாம் வந்தார்கள். மாநகராட்சி ஆள் வந்து, ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்தும்படி அதன்மேலேயே நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார், பசை நிற்கவில்லை. வார்டு கவுன்சிலர் வந்து மூன்று பொத்தானையும் நிதானமாக வாசித்தார். அவருக்குக் கைப்பழக்கமான பொத்தான் எதுவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, 'பிறகு' போட்டுவிட்டுக் காரில் ஏறினார். மூலைவீட்டு ரெஜினாவுக்கு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தது. அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டுப் போக, மறுநாளே டாக்டர் ஊருக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், பெண்பார்க்க வருகிறவர்களைத் தள்ளிப்போட, பரீட்சையைத் தள்ளிப்போட, மாமியார் வருகையைத் தள்ளிப்போட என்று அடுத்த தெருவிலிருந்தும் அதற்கடுத்த தெருவிலிருந்தும் ஜனம் மெழுகுதிரியோடு வர ஆரம்பித்தது. சிலருக்குத் தள்ளிப்போனது, சிலருக்குப் போகவில்லை, எல்லா வேண்டுதலும் அப்படித்தானே. பங்குச்சாமி பிரசங்கத்தில் இதைக் கண்டித்து அரைமணி நேரம் பேசினார். அன்றைக்கு மத்தியானமே குடையை முகத்துக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போனார். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

வந்தவர்கள் எல்லாரும் "பெட்டி எப்படியிருக்கு?" என்று கேட்டார்கள். நீ எப்படியிருக்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை.

பிரகாசிக்கு வேறு கவலை. 'அழி' பொத்தான் சின்னப்பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. எவனாவது விளையாட்டுக்குத் தொட்டால் போச்சு. அவள் அரிசி புடைக்கிற ஒரு சுளகைக் கயிற்றில் கட்டி அதன்மேல் தொங்கவிட்டாள், யாராவது 'பிறகு' போட்டதும் பெட்டி கலைய, சுளகு தொப்பென்று விழ, பெட்டி திரும்ப வர, இவள் திரும்பக் கட்ட, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுளகைக் கையில் பிடித்தபடி காலை முதல் விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தெக்லா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெக்லாவுக்கும் இவளுக்கும் ஓடைத் தண்ணீர் யார் வாசலில் தேங்குவது என்பதில் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. பெட்டியைப் பார்க்க வராத ஒரே ஆள் அவள்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ரொமால்டுதான் அந்த ஆண்டிவைரஸைப் போட்டுக்கொடுத்தவன். "தமிழும் இருக்குக்கா" என்று ஆசைப்பட்டு அதைத் தமிழில் மாற்றி வைத்தவனும் அவன்தான். அவன் வந்து துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, ஒங்க கண்ணுக்குத்தான் இது நானூறு கடிதாசி. கம்ப்யூட்டருக்கு எல்லாம் சேந்து ஒரே ஃபைலு. ஒரே சாக்குன்னு வச்சுக்கிடுங்க. சாக்குக்குள்ள ஒரு தேளு கெடக்குன்னு இவன் கத்துதான். அழின்னு அமுக்குனா தேள மட்டும் எடுக்க மாட்டான், சாக்கோட தூக்கிக் கடல்ல போட்டுருவான்."

"அடச்சு வைன்னு அமுக்குனா?"

"சாக்கோட ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிருவான். பொறவு வாங்குறது பெரிய பாடு."

"அப்பம் என்னதாம்ல செய்ய?"

"நல்லத ஒவ்வொண்ணா வேற பெட்டிக்கு மாத்திரணும். கெட்டது மட்டும் இதுல கெடக்கும். அப்பம் தைரியமா அழிச்சிரலாம். எது கெட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாது" என்றாள் பிரகாசி.

தெரியும். ஆனால் நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரிப்பதென்றால், இது கஸ்பார், இது கஸ்பார் இல்லை என்று அவள் வாயால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு யாருக்கு எழுதுவது? ரொமால்டுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்து சுளகைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு அவள் உள்ளே போய் எழுதினாள். அஞ்சு மணிக்குப் பதில் வந்த கையோடு, பெட்டி கதவு திறப்பதுபோலத் தெருவுக்குள் திரும்பி நின்றது. அடுத்த ஞாயிறு பாதித் தெருவுக்கு நீண்டது. கொடியேறிய மறுநாள், மூன்றாவது ஞாயிறு, தெக்லா வீட்டுச் சுவர்வரைக்கும் போய், அவள் வாசலில் வைத்திருந்த செம்பருத்தித் தொட்டியைத் தள்ளி உடைத்தது. இப்போது தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போகிற எல்லாரும், மீன்கூடைக்காரி முதல் தபால்காரர் வரை, நின்று 'பிறகு' அமுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் பழகிவிட்டது. போகிறபோக்கில் விரலை நீட்டி, ஒரு அமுக்கு, நெற்றியில் ஒரு சிலுவை, நடை. பழகாத ஒன்று சப்பரம் மட்டும்தான். 'பிறகு' போட்டால் பத்து எண்ணுகிற நேரம்தான் பெட்டி வழிவிடும். திருவிழாவில் மாதா ஊர்வலம் வரும் சப்பரம் அந்தத் தெருவைக் கடக்க அரைமணி ஆகும்.

திங்கட்கிழமை காலையில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் திரண்டு வந்தார்கள். செயலாளர் ஹெர்மஸ், கஸ்பாரோடு படித்தவன், இப்போது தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக இருக்கிறவன், கும்பிடு போட்டுத்தான் ஆரம்பித்தான்.

"யக்கா, நூறு வருஷமா மாதா இந்தத் தெருவுலதான் வாறா. வாற திங்கட்கெழம சப்பரம். ஒங்க வீட்டுப் பெட்டிக்காக மாதாவ மெயின் ரோட்டுல சுத்திட்டுப் போகச் சொல்லச் சொல்லுதியளா?"

"நான் என்னல செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். நீங்க அந்தால தள்ளி உக்காருங்க, நான் செஞ்சிருதேன்" என்று சொல்லிக்கொண்டே, அவள் கையிலிருந்த சுளகை மெல்ல விலக்கி, 'அழி' என்பதை நோக்கிக் கட்டைவிரலைக் கொண்டுபோனான். பிரகாசி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் ஹெர்மஸின் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது.

"கைய எடுல. உள்ள கஸ்பார் இருக்கான்."

ஹெர்மஸ் கீழே விழுந்த கடிகாரத்தைக்கூட எடுக்கவில்லை. ஒருத்தர் இருமினார், ஒருத்தர் செருப்பைப் பார்த்தார், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக 'பிறகு' போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். எஞ் சேசுவே, இத்தனை வருஷமாக இவள் இப்படியா இருந்தாள் என்று போகிற வழியில் பேசிக்கொண்டார்கள். போகிற வழியில்தான் பேசினார்கள்.

தெக்லா மட்டும் வந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழைந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி பிரகாசி, ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நீ உள்ள போற, அஞ்சு மணிக்கு இது நீளுது. மூணு வாரமாப் பாக்கேன். என்ன பண்ணுத?"

"லெட்டர் எழுதுதேன்."

"அவனுக்கா?"

பிரகாசி அடுப்பைப் பார்த்தாள்.

"பதிலு வருதா?"

"வருது."

"என்னன்னு?"

"இணைச்சிருக்கேன், தெறந்து பாருன்னு."

"சாப்பிட்டியான்னு நீ கேட்டா?"

"இணைச்சிருக்கேன், தெறந்து பாருன்னு."

தெக்லா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக் கதவையுந்தான் இடிப்பான். யாருலேன்னா நான்தான் நான்தான்னு உயிர வாங்குவான். அந்தப் பய ரெண்டு வரியில பேச்ச முடிக்கிற ஆளாட்டி? நீ அதுகிட்ட ஒரு தடவையாவது யாருன்னு கேட்டியா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிருமேக்கா."

இதைச் சொன்னதும் பிரகாசிக்கு அழுகை வந்தது, நாலு வருஷமாக வராத அழுகை, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய அழுதாள். தெக்லா எழுந்து அடுப்பை அணைத்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அதெல்லாம் வராது. "மொதல்ல அவன் எழுதுனத எடுத்து வேற எடத்துல வைட்டி. அது ஒண்ணுக்கும் சந்தேகம் இல்லல்லா? மிச்சத்தப் பொறவு பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய் முதல் சனி வரை அஞ்சு நாள் அந்த வேலை நடந்தது. ரொமால்டு வந்து புதிதாக ஒரு பெட்டி போட்டு, எப்படி இழுத்துவிட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனான். ஒவ்வொன்றாகத் திறந்து, "ஏக்கா நான்தான்" என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, முழுதாக ஒருதரம் வாசித்து, புதுப் பெட்டிக்கு மாற்றினாள் பிரகாசி. தெக்லா முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள். ஏக்கா நான்தான் இங்க ஒரே குளிரு மூக்கு கழண்டு விழுந்துரும் போல நீ பின்னிக் குடுத்த தொப்பி காத்துல பறந்து கடல்ல போயிட்டு கோவப்படாத அடுத்து வரும்போது வேற பின்னு பச்ச நூல் வேண்டாம். ஏக்கா நான்தான் நேத்து ஒரு பறவ எஞ்சின் ரூமுக்குள்ள வந்துட்டு வெளிய போக வழி தெரியாம எம் மண்டமேல உக்காந்துக்கிட்டு நான் அசையாம ஒரு மணி நேரம் நின்னேன். இருநூற்று எண்பதாவதோ என்னவோ, அதில் இருந்தது: ஏக்கா நான்தான் தெக்லாக்காகூட சண்ட போடாத அவ வைக்கிற மீன்கொழம்பு மாதிரி ஒலகத்துல ஒரு பயலுக்கும் வைக்கத் தெரியல நான் அஞ்சு நாட்டுல தின்னு பாத்துட்டேன். தெக்லா எழுந்து வீட்டுக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மீன்குழம்புச் சட்டியோடு வந்தாள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை நானூற்றுப் பதின்மூன்றும் புதுப் பெட்டிக்கு வந்துவிட்டன. பழையதில் மிஞ்சியது, அந்த வார்த்தையில்லாத மெயில் ஒன்றும், அதற்குப் பின்னால் வந்த ஒற்றைவரிப் பதில்களும்தான். கஸ்பார் பேரைச் சுமந்துகொண்டு அவை வரிசையாகக் கிடந்தன. கெட்டது என்று ரொமால்டு சொன்னான், பெட்டி சொன்னது, தெக்லா சொன்னாள். ஆனாலும் எண்ணெயில்லாத விளக்காக இருந்தாலும் வீட்டில் இருந்த ஒரே விளக்கு அதுதானே, ஊத பிரகாசிக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு உட்கார்ந்தாள். தெரு முழுக்க வெளியே நின்றது, மறுநாள் சப்பரமாயிற்றே. ஹெர்மஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றான், உள்ளே வரவில்லை. பிரகாசி சாப்பிட்டியா என்று எழுதவில்லை, முருங்கையைப் பற்றி எழுதவில்லை. ஒரே ஒரு சொல் அடித்தாள்.

யாரு?

அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தெரு ஒரு மணி நேரம் கலையாமல் காத்திருந்தது. ஒரு சொல் வந்தால் போதும், அரை வரி வந்தால் போதும், மற்ற எல்லாரையும் எதிர்த்து அவள் அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்திருப்பாள், சப்பரம் மெயின் ரோட்டில் போகட்டும் என்றிருப்பாள், மாதாவிடமே சண்டை போட்டிருப்பாள். அஞ்சு மணிக்குப் பதில் வந்தது. ஆவணம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து திறந்து பார்க்கவும்.

மூன்று தரம் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் முக்காலியில் இருந்த தெக்லாவைப் பார்த்தாள்.

"அவன் இல்லக்கா" என்றாள்.

வெளியே வந்தாள். ஜனம் விலகி வழிவிட்டது. சுளகை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல், தன் ஆட்காட்டி விரலால் 'அழி' என்பதை அமுக்கினாள். பெட்டி சட்டென்று போய்விடவில்லை, "உறுதியாகவா?" என்று இன்னொரு தரம் கேட்டது. அதுவும் அவளை விட்டால் யாரிடம் பேசும்? அவள் 'ஆம்' என்பதை அமுக்கினாள். தெரு அதன் பழைய அகலத்துக்கு வந்தது.

மறுநாள் சப்பரம் வந்தது, மல்லிகையும் பேண்டு வாத்தியமுமாக, தெக்லா வீட்டுச் சுவருக்கும் பிரகாசி வீட்டுச் சுவருக்கும் நடுவே இடிக்காமல் தட்டாமல் போனது. அந்த வாரத்திலேயே ரெஜினாவுக்கு ஆபரேஷன் நடந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். தள்ளிப்போட்ட மாமியார்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். பங்குச்சாமி பெட்டி கட்டினார். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் பிரகாசி கோயிலுக்குப் போய்ச் சீட்டு வாங்கி, கஸ்பார் என்ற பேரை இந்தத் தடவை அடுத்த பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்தார், எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

பெட்டி போனபிறகு அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை. சிலபேர் பழக்கதோஷத்தில் அந்த இடம் வந்ததும் காற்றில் விரலை நீட்டி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு நடந்தார்கள், அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியை அவள் உள்ளே எடுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றே முக்காலுக்கே அவள் கை தானாகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டது. திரை சுத்தமாக இருந்தது, எந்த மூலையிலும் ஒன்றும் வரவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. எழுத ஆளில்லாமல் விசைப்பலகைமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் நாலு ஆனது. நாலேகால் ஆனது. இனிமேல் சாகிறவரைக்கும் வருகிற எல்லா ஞாயிறும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு இடிபட்டது.

"யாரு?" என்றாள் பிரகாசி.

"நான்தான்."

அவள் எழுந்திருக்கவில்லை. பேர் சொல்லாமல் யாராவது அந்தக் கதவுக்கு வெளியே நின்று எத்தனை காலமாயிற்று. குரல் யாருடையது என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே இன்னொரு தரம் கேட்டாள்.

"நான்தான்னா யாரு?"

"யாராம் யாரு! நான்தாம்ட்டி! ஓட திரும்ப அடச்சிக்கிட்டு, ரெண்டு வீட்டு வாசல்லயும் தண்ணி நிக்கி, ஒத்தையில தள்ளுததுக்கு எனக்கு என்ன பதினாறு வயசா? வெளக்குமாத்த எடுத்துட்டு வெளிய வா!"

பிரகாசி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு விளக்குமாற்றைத் தேடினாள்.